படத்தில் தெரியும் வேறுபாடு: எது பிறவி அமைப்பு, எது நோய்?

பேராக் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள லெங்கோங் பள்ளத்தாக்கில், குனோங் ருந்து குகையினுள், 1991-ஆம் ஆண்டு ஒரு மனித எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்பொருள் ஆய்வாளர் சுரைனா மஜிட் தலைமையிலான குழுவினர் அதனை அகழ்ந்தெடுத்தனர். ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அவரை உலகம் ‘பேராக் மனிதன்’ என்று அழைக்கிறது. அவரது எலும்புகளை ஆராய்ந்த அறிஞர்கள் ஒரு செய்தியைக் கண்டனர். அவரது இடக்கை, வலக்கையைவிடச் சிறியது. இடக்கை விரலின் நடு எலும்பு வளராமல் குறுகி நின்றுவிட்டது. முதுகெலும்பும் சற்று வளைந்திருந்தது. இவை அவர் பிறக்கும்போதே கொண்டு வந்த உடற்கூற்று வேறுபாடுகள்.

அத்தகைய உடலோடு அவர் காட்டில் வேட்டையாடி வாழ்ந்த கூட்டத்தாரிடையே நாற்பது வயதுக்கு மேலும் வாழ்ந்தார். இறந்தபின் அவரைக் கால்களை மடக்கிக் கிடத்தி, கற்கருவிகளையும் சிப்பிகளையும் உடன் வைத்து மதிப்போடு அடக்கம் செய்தனர். லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது.

பேராக் மனிதனின் எலும்பில் இருந்த வேறுபாட்டை அறிய அவர் இறந்து பத்தாயிரம் ஆண்டுகள் ஆயின. இன்று ஈப்போவிலோ தெலுக் இந்தானிலோ ஒரு மருத்துவமனைக்குச் சென்றால், உயிரோடு இருக்கும்போதே நம் உள்ளுறுப்புகளின் அமைப்பைச் சில நிமிடங்களில் கண்டுவிடலாம். ஆனால் படம் எளிதாகக் கிடைப்பதனாலேயே ஒரு புதிய இடர்ப்பாடும் தோன்றியுள்ளது. “படத்தில் ஏதோ இருக்கிறதாம்” என்ற ஒரு சொல் குடும்பத்தையே கலங்க வைக்கிறது. வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தெரிந்த ஒரு நிழலைக் கண்டு ஓர் இளைஞர் மனமுடைகிறார். இன்னொருவரோ உண்மையான நோயின் அடையாளத்தைப் ‘பிறவியிலேயே உள்ளது’ என்று ஒதுக்கிவிட்டுக் காலம் கடத்துகிறார். இவ்விரு தவறுகளையும் தவிர்க்க, படத்தில் பொதுவாகத் தென்படும் சில வேறுபாடுகளைப் பற்றி நாம் அறிந்திருத்தல் நலம்.

படம் என்பது நிழலே

ஜெர்மனியின் வுர்ஸ்பர்க் நகரில் வில்லெம் ரோண்ட்கன் என்னும் இயற்பியல் அறிஞர் 1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் அப்படத்தில் தெரிந்தன. இயற்பியலுக்கான முதல் நோபெல் பரிசு 1901-ஆம் ஆண்டு அவருக்கே வழங்கப்பட்டது. இக்கருவி நம் மாநிலத்துக்கு வரவும் அதிகக் காலம் ஆகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்னரே தைப்பிங் நகரை அது எட்டிவிட்டது.

எக்ஸ்ரே படம் ஒரு நிழற்படம். எலும்பு கதிரைத் தடுப்பதால் வெண்மையாகத் தெரிகிறது. காற்று நிறைந்த நுரையீரல் கதிரை விடுவதால் கறுப்பாகத் தெரிகிறது. உடலின் முன்புறமும் பின்புறமும் உள்ளவை யாவும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. சுவரில் விழும் கை நிழலைப் பார்த்து அது மானா முயலா என்று குழந்தைகள் ஐயுறுவது போல, படத்தில் விழும் நிழலையும் பல வகையாகப் பொருள் கொள்ளலாம். இதனால்தான் படத்தை மட்டும் பார்த்து மருத்துவர் முடிவு கூறுவதில்லை. நோயாளியைக் கேட்கிறார், தொட்டுப் பார்க்கிறார், வேண்டுமாயின் வேறு கோணத்தில் மீண்டும் படம் எடுக்கச் சொல்கிறார்.

பின்னர் வந்த கருவிகள் இக்குறையைப் பெரிதும் நீக்கின. இங்கிலாந்தில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி 1971-ஆம் ஆண்டு முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது. ரொட்டியைத் துண்டு துண்டாக அரிந்து காட்டுவது போல அது உடலின் உட்புறத்தைக் காட்டுகிறது. ஒலி அலையால் இயங்கும் அல்ட்ராசவுண்ட் கருவியிலும், காந்த ஆற்றலால் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவியிலும் எக்ஸ் கதிர் இல்லை. கருவுற்ற பெண்களுக்கு அல்ட்ராசவுண்ட் பயன்படுத்தப்படுவது இதனாலேயே.

நெஞ்சுப் படத்தில் வரும் மயக்கங்கள்

நம் மக்கள் மிகுதியாக எடுத்துக்கொள்வது நெஞ்சுப் படமே. வேலைக்குச் சேரும்போதும், நீண்ட நாள் இருமல் இருக்கும்போதும் மருத்துவர் கேட்கும் முதல் படம் இதுதான். இதில் நோயே இல்லாமலும் நிழல் விழக்கூடும்.

பின்னிய கூந்தல் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எண்ணெய் தடவி இறுகப் பின்னிய சடை தோளின் மேல் கிடந்தால், அதன் நிழல் நுரையீரலின் மேற்பகுதியில் விழும். காசநோய் பெரும்பாலும் முதலில் தாக்கும் இடமும் அதுவே. ஆகவே சடை நோயாகத் தோற்றமளிக்கலாம். கூந்தலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மீண்டும் படம் எடுத்தால் நிழல் மறைந்துவிடும். தாயத்து, சங்கிலி, சட்டைப் பொத்தான், மார்பில் ஒட்டிய மருந்துப் பட்டை ஆகியவையும் இவ்வாறே மயக்கம் தருபவை. ‘நகையைக் கழற்றுங்கள்’ என்று ஊழியர் கூறுவது இக்காரணம் பற்றியே. தாலியைக் கழற்றத் தயங்குவோர் அதனை மறைத்து வைக்காமல் முன்கூட்டியே ஊழியரிடம் கூறிவிட வேண்டும்.

மார்புக் காம்பின் நிழலும் நுரையீரலில் ஒரு சிறு காசு கிடப்பது போலத் தெரிவதுண்டு. அவ்விடத்தில் சிறு உலோகக் குறி ஒன்றை ஒட்டி மறுபடம் எடுத்தால் உண்மை விளங்கிவிடும்.

இனிப் பிறவி அமைப்புகளைக் காண்போம். சிலருக்கு வலது நுரையீரலின் உச்சியில் மெல்லிய வளைகோடு ஒன்று தெரியும். கருவில் வளரும்போது ஓர் இரத்தக் குழாய் தன் வழக்கமான பாதையில் நகராமல் நுரையீரலைச் சற்று மடித்துக்கொண்டு போனதன் அடையாளம் அது. நூறு பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவானவர்களுக்கோ இது இருக்கலாம். இதனால் இருமலும் வராது, மூச்சுத் திணறலும் வராது. மருத்துவம் எதுவும் வேண்டியதில்லை. விலா எலும்பொன்றின் முன்முனை கவட்டைக் கம்பு போல இரண்டாகப் பிரிந்திருப்பதும் பெரும்பாலும் இத்தகைய தீங்கற்ற அமைப்பே.

ஆயினும் காசநோயை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. நம் நாட்டில் தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1961-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அன்று முதல் இன்று வரை அப்பணி தொடர்கிறது. ஆறிப்போன பழைய காசநோய், நுரையீரலில் சுண்ணாம்புத் துளி போன்ற வெண்தழும்பை விட்டுச் செல்லும். ஆறாத நோயும் நிழலாகவே தெரியும். இரண்டையும் வேறுபடுத்தப் படம் மட்டும் போதாது. சளிப் பரிசோதனை வேண்டும். பழைய படம் இருந்தால் அதனோடு ஒப்பிட்டும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல், சளியில் இரத்தம் ஆகிய அறிகுறிகளுள் எது இருப்பினும் உடனே கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். பொதுவாக ஆறு மாதம் தவறாமல் மருந்து உட்கொண்டால் இந்நோய் முற்றிலும் குணமாகும்.

இதயம் வலப்புறம் இருந்தால்

இதயம் இடப்பக்கம் இருப்பதாகவே நாம் பள்ளியில் கற்றோம். ஆனால் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு நெஞ்சிலும் வயிற்றிலும் உள்ள உறுப்புகள் யாவும் கண்ணாடியில் தெரியும் உருவம் போல இடம் வலமாக மாறியிருக்கும். இதயம் வலப்புறமும், கல்லீரல் இடப்புறமும், குடல்வால் இடது அடிவயிற்றிலும் இருக்கும். லண்டனில் மேத்யூ பெய்லி என்னும் மருத்துவர் 1788-ஆம் ஆண்டிலேயே இத்தகைய ஓர் உடலைப் பற்றி விரிவாக எழுதினார்.

எல்லா உறுப்புகளும் ஒன்றாக மாறியிருந்தால், அவை தமக்குள் கொண்டுள்ள தொடர்பு குலைவதில்லை. ஆதலால் இவர்களுள் பெரும்பாலோர் தமக்கு இவ்வமைப்பு உண்டென்று அறியாமலே மணம் புரிந்து, பிள்ளை பெற்று, முதுமை எய்துகின்றனர். ஏதோ ஒரு காரணத்துக்காக நெஞ்சுப் படம் எடுக்கும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. படத்தின் ஓரத்தில் இடம், வலம் என்று காட்டும் ஈயக் குறி ஒன்று இருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டோமா, அல்லது இதயமே வலப்புறம் உள்ளதா என்பதை அந்தச் சிறு குறியே தெளிவுபடுத்துகிறது.

இவ்வமைப்பு நோயன்று. ஆனால் அதனை அறியாமலிருப்பது ஆபத்தாக முடியலாம். குடல்வால் அழற்சி பெரும்பாலோருக்கு வலது அடிவயிற்றில் வலிக்கும். இவர்களுக்கு இடப்புறத்தில் வலிக்கலாம். மருத்துவர் குடல்வாலைப் பற்றி எண்ணாமல் வேறு நோயைத் தேட, குடல்வால் வெடித்துவிடவும் கூடும். பித்தக்கல் வலியும் இடப்புறம் வரும். மாரடைப்பு நேர்ந்தால் வலி வலத்தோளுக்குப் பரவலாம். இதய மின்பதிவு எடுக்கும்போதும் கம்பிகளை இடம் மாற்றிப் பொருத்த வேண்டும். அவசர வேளையில் “என் உறுப்புகள் இடம் மாறியவை” என்ற ஒரே வாக்கியம் உயிரைக் காக்கும்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகளையும் கூற வேண்டும். மற்ற உறுப்புகள் தத்தம் இடத்தில் இருக்க, இதயம் மட்டும் வலப்புறம் அமைந்திருந்தால், இதயத்தினுள் வேறு பிறவிக் குறைகளும் இருக்க வாய்ப்பு மிகுதி. அத்தகைய குழந்தையை இதய மருத்துவர் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலும், உறுப்புகள் இடம் மாறியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மூச்சுக்குழாயில் உள்ள நுண்மயிர்கள் சரிவர அசைவதில்லை. சளி வெளியேறாமல் தங்கி, ஓயாத மூக்கடைப்பும் இருமலும் உண்டாகும். சுவிட்சர்லாந்தின் மருத்துவர் கார்த்தகெனர் 1933-ஆம் ஆண்டு இத்தொடர்பை விளக்கினார். பிறந்தது முதலே மூக்கு ஒழுகி, அடிக்கடி நெஞ்சுச்சளி கட்டும் பிள்ளைக்கு இதயமும் வலப்புறம் இருக்குமாயின், அதனை வெறும் சளி என்று விட்டுவிடலாகாது.

கழுத்தில் ஒரு விலா எலும்பு

விலா எலும்புகள் பன்னிரண்டு இணைகள் என்பது பொது விதி. ஆனால் ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்குக் கழுத்தின் ஏழாவது எலும்பிலிருந்து மேலும் ஒரு சிறு விலா எலும்பு முளைத்திருக்கும். ஒரு பக்கத்திலோ இரு பக்கங்களிலோ அது இருக்கலாம். சிலருக்குத் தோளெலும்புக்கு மேலே கெட்டியான கட்டி போலக் கைக்குத் தட்டுப்படும். புற்றுக்கட்டியோ என்று அஞ்சி வருவோருக்கு, ஒரு கழுத்துப் படம் அச்சத்தை நீக்கிவிடும்.

இவர்களுள் பெரும்பாலோருக்குத் தொல்லை எதுவும் இராது. ஆனால் கைக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாயும் அவ்வழியேதான் செல்கின்றன. கையை உயர்த்தி நெடுநேரம் வேலை செய்வோருக்கு அந்த எலும்பு அவற்றை அழுத்தலாம். உயரமான வெட்டில் பால் சீவியவர்களும், நீண்ட கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை அறுப்பவர்களும் நாள்தோறும் செய்த வேலை அத்தகையது. சுண்டுவிரல் பக்கம் மரத்துப் போதல், பிடியில் வலுக் குறைதல், கையை உயர்த்தினால் விரல்கள் வெளுத்துக் குளிர்தல், உள்ளங்கைச் சதை மெலிதல் ஆகியவை அழுத்தத்தின் அறிகுறிகள்.

கை மரத்துப் போவதை வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக் காலம் கழிப்போர் நம்மிடையே பலர். கை மரத்துப் போவதற்கு நீரிழிவு, மணிக்கட்டு நரம்பு அழுத்தம், கழுத்தெலும்புத் தேய்வு எனப் பல காரணங்கள் உண்டு என்பதும் உண்மையே. ஆயினும் விரல்கள் நிறம் மாறுவதும் சதை மெலிவதும் காத்திருக்கக் கூடாத அடையாளங்கள். தொடக்கத்தில் தோள் பயிற்சியாலும் வேலை முறையை மாற்றிக்கொள்வதாலும் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். இரத்தக் குழாய் அழுந்தியிருந்தால் அறுவை மருத்துவம் தேவைப்படும்.

முதுகெலும்பின் எண்ணிக்கை

காண்டா வாளியைத் தோளில் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கிய தலைமுறையினருக்கு முதுகுவலி புதிதன்று. அவர்கள் முதுகைப் படம் எடுக்கும்போது பிறவி வேறுபாடுகள் பல தெரிய வருகின்றன.

இடுப்புப் பகுதியில் வழக்கமாக ஐந்து முள்ளெலும்புகள் உண்டு. ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு, கடைசி எலும்பு கீழே உள்ள எலும்போடு ஒட்டியோ, கீழே உள்ளது பிரிந்து ஆறாவது எலும்பாகவோ தோன்றும். இன்னும் சிலருக்கு முள்ளெலும்பின் பின்வளைவு முழுமையாக மூடாமல் சிறு இடைவெளி தெரியும். தோலுக்கடியில் மறைந்துள்ள இவ்விடைவெளி பெரும்பாலும் எவ்விதத் தொல்லையும் தருவதில்லை. முதுகில் தண்டுவடமே வெளிப்பட்டுப் பிறக்கும் குழந்தையின் கொடிய நிலை வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதி அஞ்ச வேண்டியதில்லை. முதுகில் மயிர்க்கற்றையோ குழியோ இருந்து, காலில் பலவீனமும் சிறுநீர்க் கட்டுப்பாடின்மையும் உடன் இருந்தால் மட்டும் மேலும் ஆராய வேண்டும்.

நூறு பேரில் ஏறத்தாழ ஐவருக்கு, கீழ் முள்ளெலும்பின் ஒடுங்கிய பகுதியில் விரிசல் இருக்கும். பிறக்கும்போது இல்லாமல், வளரும் வயதில் ஏற்படும் விரிசல் இது. சிலருக்கு அந்த எலும்பு முன்னோக்கிச் சற்று நழுவவும் செய்யும்.

படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் ஆகாது என்பதை இங்கு வலியுறுத்துவது அவசியம். அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. கருவியில் வைத்துப் பார்த்தனர். அவர்களுள் 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே முள்ளெலும்புகளுக்கு இடைப்பட்ட வட்டுகள் யாவும் பழுதின்றி இருந்தன. மற்றவர்களுக்கு வட்டு பிதுங்கியோ வீங்கியோ காணப்பட்டது; ஆனால் வலி இல்லை. ‘எலும்பு நழுவிவிட்டது, வட்டு பிதுங்கிவிட்டது’ என்று கேட்டவுடன் வேலையை விட்டுப் படுக்கையில் கிடப்பது முதுகை மேலும் பலவீனமாக்கும். கால் செயலிழத்தல், சிறுநீர் மலம் அடங்காமை, தொடை இடுக்கில் உணர்வின்மை ஆகியவை தோன்றினால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. முதுகில் அறுவை மருத்துவம் செய்ய நேர்ந்தால், எலும்பின் எண்ணிக்கையில் வேறுபாடு இருப்பதை முன்னதாகவே அறிந்திருப்பது முக்கியம். எண்ணிக்கை தவறினால் கத்தி படும் இடமும் தவறிவிடும்.

சிறுநீரகம் ஒன்றா, இரண்டா?

கருவில் சிறுநீரகங்கள் இடுப்புக்குள் தோன்றி, பின்னர் மேலே ஏறி விலாவின் அடியில் நிலைகொள்கின்றன. ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களின் கீழ்முனைகளும் ஒட்டிக்கொண்டு, குதிரை லாடம் போன்ற வடிவம் உண்டாகிறது. மேலே ஏறும் வழியில் குறுக்கே உள்ள இரத்தக் குழாய் ஒன்று தடுப்பதால், அது தாழ்ந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு ஒரு பக்கத்துச் சிறுநீரகம் தோன்றுவதே இல்லை. அவர்களுக்கு எஞ்சிய ஒன்று பருத்து, இரண்டின் வேலையையும் தானே ஏற்றுக்கொள்கிறது.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு ஒருவர் முழு வாழ்நாளும் நலமாக வாழலாம். ஆனால் மாற்று இல்லாத பொருளைப் பேணுவதுபோல அதனைப் பேண வேண்டும். ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தின் முதற்பகைவர்கள். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும், என்ன கலந்துள்ளது என்று தெரியாத நாட்டு மருந்துப் பொடிகளும் அவற்றுக்கு அடுத்த நிலையில் உள்ளன. லாட வடிவச் சிறுநீரகம் உடையவர்களுக்குக் கல்லும் கிருமித் தொற்றும் வர வாய்ப்பு அதிகம். அவர்கள் போதிய நீர் அருந்த வேண்டும். வயிற்றில் பலத்த அடிபட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் எவராயினும் காட்டிக்கொள்ள வேண்டும்.

ஒரு சிறுநீரகம் இல்லாமல் பிறந்த பெண்களுக்குக் கருப்பையின் அமைப்பிலும் வேறுபாடு இருக்கக்கூடும். இரண்டும் கருவில் ஒன்றையொன்று ஒட்டியே உருவாவதால் இவ்வாறு நேர்கிறது. பருவமடைந்தபின் மாதந்தோறும் தாங்க முடியாத வயிற்றுவலி இருந்தாலோ, கருச்சிதைவு மீண்டும் மீண்டும் நேர்ந்தாலோ, இச்செய்தியை மகப்பேற்று மருத்துவரிடம் கூறுதல் பெரிதும் உதவும்.

மறைப்பதால் வரும் கேடு

நம் சமுதாயத்தில் பிறவி வேறுபாட்டை ‘ஊனம்’ என்றும், ‘முன்வினை’ என்றும், தாய் கிரகண காலத்தில் வெளியே வந்ததன் பலன் என்றும் கூறும் வழக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பெண்ணுக்கு ஒரே சிறுநீரகம் என்று தெரிந்தால் வரன் அமையாது என அஞ்சி, அறிக்கையைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைக்கும் பெற்றோரும் உள்ளனர். அவர்களது அச்சம் நமக்குப் புரியாததன்று. ஆனால் அப்பெண் மணமாகிக் கருவுற்று, இரத்த அழுத்தம் உயர்ந்து மருத்துவமனைக்குச் செல்லும் நாளில், உண்மையை அறிந்தவர் எவரும் அருகில் இல்லையென்றால் அவள் நிலை என்னவாகும்? மறைத்த செய்தி மருத்துவருக்கும் மறைந்த செய்தியாகிவிடுகிறது.

கிரகணத்துக்கும் உறுப்புகளின் அமைப்புக்கும் தொடர்பில்லை. கரு உருவாகும் முதல் சில வாரங்களில் உயிரணுக்கள் நகர்ந்து, மடிந்து, ஒட்டி உறுப்புகளை உருவாக்குகின்றன. அப்பணியில் ஏற்படும் சிறு மாற்றமே இவ்வேறுபாடுகளாக வெளிப்படுகிறது. தாயையோ தந்தையையோ பழிக்க இதில் இடமில்லை.

நம் குறிப்பு நம் கையில்

தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், தோட்ட மருந்தகத்தின் டிரஸர் ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்திருந்தார். யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது, யாருக்கு எந்தப் பிள்ளை கடினமாகப் பிறந்தது என்பன அவர் நினைவிலும் பதிவேட்டிலும் இருந்தன. சுங்கை சிப்புட், சிம்மோர், கோப்பெங், பீடோர் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயங்களில் ஒன்றாக வாழ்ந்தோர் பல ஊர்களுக்குப் பிரிந்து சென்றனர். அந்தப் பதிவேடுகள் மக்களோடு கூடவே செல்லவில்லை. ஒருவர் இன்று ஈப்போவிலும், நாளை கோலாலம்பூரிலும், மறுநாள் ஜோகூரிலும் மருத்துவம் பெறுகிறார். ஆகவே தம் உடலைப் பற்றிய குறிப்பைத் தாமே பேணும் பொறுப்பு ஒவ்வொரு குடும்பத்துக்கும் வந்துள்ளது. அதற்கான எளிய வழிகளைக் கீழே தருகிறோம்.

1. படம் எடுத்தபின் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தெரிவது என்ன? அது பிறவி அமைப்பா, நோயா? மீண்டும் எப்போது பார்க்க வேண்டும்? மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசத் தயங்குவோர் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்லலாம்.

2. வேறுபாட்டின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். அதனை அடையாள அட்டையோடு பணப்பையில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

3. பழைய படத்தை எறியாதீர்கள். ஐந்து ஆண்டுகளாக மாறாதிருக்கும் நிழல் பெரும்பாலும் ஆபத்தற்றது. புதிதாகத் தோன்றிய நிழலையே மருத்துவர் ஐயுறுவார். பழைய பிலிம் படங்களை ஈரம் படாத இடத்தில் தட்டையாக வைக்க வேண்டும். இக்காலத்தில் படங்கள் கணினியில் சேமிக்கப்படுவதால், அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறலாம்.

4. கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், எக்ஸ்ரே எடுக்கும் முன்னரே கூறிவிடுங்கள்.

5. மருத்துவர் வேண்டாம் என்று சொன்னபின்னும் மேலும் மேலும் ஸ்கேன் எடுக்க வற்புறுத்தாதீர்கள். ஒரு நெஞ்சுப் படத்தில் உடல் பெறும் கதிர், இயற்கைச் சூழலிலிருந்து நாம் சில நாள்களில் பெறும் அளவே. சி.டி. ஸ்கேனில் அது பன்மடங்கு மிகுதி. 1984-ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டம் இத்தகைய கருவிகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவதும் மக்களின் பாதுகாப்புக்காகவே.

6. அறுவை மருத்துவத்துக்கு முன்பும், மகப்பேற்றுப் பதிவின்போதும், விபத்துப் பிரிவிலும், கேட்காவிட்டாலும் உங்கள் வேறுபாட்டை நீங்களே சொல்லுங்கள்.

சுகாதாரக் கிளினிக்கில் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு சென்றால், ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனூன் மருத்துவமனை போன்ற அரசாங்க மருத்துவமனைகளில் நிபுணரைக் காணலாம். சந்திப்பு நாள் தள்ளியிருந்தாலும் தவறாமல் செல்ல வேண்டும்.

முகத்தில் ஒருவருக்கொருவர் வேறுபட்டிருப்பதைப் போலவே, உள்ளுறுப்பிலும் நாம் வேறுபட்டிருக்கிறோம். அவ்வேறுபாடு வெட்கத்துக்குரியதன்று, அலட்சியத்துக்குரியதும் அன்று. வீட்டில் யாரேனும் ஒருவர் படத்தில் ஏதோ தெரிந்ததாகச் சொல்லி அதன் பொருள் அறியாமல் இருந்தால், இந்த வாரமே அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கிளினிக்குக்குச் சென்று விளக்கம் பெற வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.